முதல் நாளோடு முடிவு செய்து விடாதீர்கள்



காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் போகிறோம். பல் வலித்தால் நல்ல பல் வைத்தியரைத் தேடி அடுத்த ஊருக்கும் பஸ் ஏறுகிறோம். ஒருவருடைய மருந்து நமக்குப் பிடிக்காவிட்டால், “அவருடைய கைராசி எனக்கு ஒத்து வரவில்லை” என்று சொல்லி இன்னொருவரிடம் காட்டுகிறோம். இதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஆனால் மனம் நோகும்போது மட்டும் நமது வழக்கம் தலைகீழாகி விடுகிறது. வருடக் கணக்கில் யாரிடமும் போவதில்லை. இனி முடியாது என்ற ஒரு நாளில், பயந்து பயந்து ஒருவரிடம் போகிறோம். அந்த ஒரு நாள் சரிவராவிட்டால், “இதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று கதவைச் சாத்தி விடுகிறோம். இந்த மாதம் அந்தக் கதவைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கிழக்கிலங்கையின் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை விட்டு விட்டோம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையதற்குப் பத்து மாதம். கணவர் வெளிநாட்டில். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதத்தில் அவருடைய உம்மா மௌத்தாகி விட்டார். அதன் பிறகு உறக்கமில்லை. சமையலில் மனம் இல்லை. தொழுகையில் நின்றால் எத்தனையாவது ரக்அத் என்பது கூட நினைவில் நிற்பதில்லை. ஒரு சிநேகிதியின் வற்புறுத்தலில் உளவளத்துணையாளர் ஒருவரிடம் போயிருக்கிறார். கடிதத்தின் நடுப்பகுதி இது:

“முக்கால் மணி நேரம் இருந்தேன். அதில் பாதி நேரம் அழுதேன். அந்த மிஸ் அதிகம் பேசவில்லை. மருந்தும் தரவில்லை. வீட்டுக்கு வந்தால் தலைவலி, உடம்பெல்லாம் உளைவு. இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. மாமி, ‘பைத்தியத்துக்கா மருந்து எடுக்கிறாய்?’ என்று கேட்டார். போனில் அவரிடம் சொன்னால் ‘சபூர் செய்’ என்கிறார். அடுத்த கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகத்தான் வேண்டுமா? சில நேரம், நான் இல்லாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு நல்லது என்று கூடத் தோன்றுகிறது.”

சகோதரியே, உங்கள் கேள்விக்குப் பதில்: போகத்தான் வேண்டும். அடுத்த கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். கடிதத்தின் கடைசி வரியை இன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் நம்பும் ஒரு ராத்தாவிடம், சிநேகிதியிடம், அல்லது அரசாங்க வைத்தியசாலையின் வைத்தியரிடம் சொல்லுங்கள். அழைக்க யாருமில்லை என்றால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி. இரவிலும் பேசலாம். ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்ற எண்ணம் உங்கள் ஈமானின் அளவுகோல் அல்ல. நெருப்புக் காய்ச்சலில் பிதற்றல் வருவது போல, கடும் மனச்சோர்வில் வரும் நோய்க்குறி அது. பிள்ளைகளுக்கு உம்மா வேண்டும். உம்மாவுக்குச் சிகிச்சை வேண்டும்.

இதே கடிதத்தை எழுதாமல் மனதுக்குள் வைத்திருக்கும் மற்றச் சகோதரிகளுக்காகச் சில விடயங்களை விரிவாகப் பார்ப்போம்.

யாரிடம் போவது?

நாம் எல்லாரையும் ‘மன டொக்டர்’ என்று ஒரே பெயரில் அழைத்து விடுகிறோம். உண்மையில் மூன்று வகையினர் இருக்கிறார்கள்.

முதலாமவர் மனநல வைத்தியர். இவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர். இவர்களில் விசேட பட்டம் பெற்றவரே மனநல வைத்திய நிபுணர். அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாமவர் சிகிச்சை உளவியலாளர். இவர் மருந்து தருவதில்லை. பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை தருபவர். இவரிடம் மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று தாராளமாகக் கேட்கலாம்.

மூன்றாமவர் உளவளத்துணையாளர். துக்கம், குடும்பப் பிணக்கு, பிள்ளைகளின் பிரச்சினை, மன அழுத்தம் ஆகியவற்றைப் பேசித் தெளிய உதவுபவர். பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அடி, உதை, மிரட்டல் என்ற நிலையில் இருக்கும் பெண்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘மிதுறு பியச’ என்ற நட்பு நிலையங்கள் உண்டு.

இந்த ‘உளவளத்துணை’ என்ற சொல் நமது கரையோர ஊர்களில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். அதற்கு முன்னரும் நமது பெண்கள் நிறையச் சுமந்தார்கள். 1990ல் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர்களும் சுமந்தார்கள். சுமைக்குப் பெயர் வைத்துக் கேட்க ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மூவரில் யாரிடம் முதலில் போவது என்று குழப்பமா? உங்களுக்குப் பழக்கமான குடும்ப வைத்தியரிடம் ஆரம்பியுங்கள். தைரொயிட் கோளாறும் இரத்தச் சோகையும் கூட களைப்பையும் மனச்சோர்வையும் தரக் கூடியவை. பிள்ளைப் பேற்றுக்குப் பின் இவை இரண்டும் வரலாம். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்து விடும். பிறகு வைத்தியரே உங்களைப் பொருத்தமான இடத்துக்கு எழுதி அனுப்புவார். பிள்ளை பெற்ற தாய்மார் வீட்டுக்கு வரும் மிட்வைப்பிடமும் சொல்லலாம். பிள்ளையின் நிறையை மட்டும் அல்ல, தாயின் மனநிலையையும் கவனிப்பது அவரது கடமையில் சேர்ந்ததுதான்.

கேட்க வெட்கப்பட வேண்டாம்

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்! நமது மனதைத் திறந்து காட்டப் போகும் ஒருவரைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போகலாமா? உளவளத்துணை என்ற பெயரில் சில நாள் வகுப்புக்குப் போய் வந்து பலகை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். எனவே தொலைபேசியிலோ முதல் சந்திப்பிலோ இவற்றைக் கேளுங்கள்.

என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள்? என்னுடையதைப் போன்ற பிரச்சினை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அமர்வு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு? நான் சொல்வதை யாரிடமாவது சொல்வீர்களா, எந்த நிலையில் சொல்வீர்கள்? தமிழில் பேசலாமா?

நல்லவர் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். இரகசியம் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில் எப்படி இருக்கும் தெரியுமா? “நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்றால், அப்போது மட்டும் உதவிக்காகச் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.” இப்படி எல்லையையும் சேர்த்துச் சொல்பவரையே நம்பலாம்.

மொழி விடயத்தில் விட்டுக் கொடுக்காதீர்கள். சந்தையில் பேசவும் கந்தோரில் படிவம் நிரப்பவும் போதுமான சிங்களம் நமக்குத் தெரிந்திருக்கும். உம்மாவை இழந்த துக்கத்தைச் சொல்ல அது போதுமா? தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், மொழி பெயர்க்கத் தாதி ஒருவரையோ வேறு உத்தியோகத்தரையோ கேளுங்கள். பாடசாலை போகும் மகளை மொழி பெயர்க்க வைக்காதீர்கள். உம்மாவின் இரவுகளைப் பற்றி அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டி வரும். கணவரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் அவரே மொழிபெயர்ப்பாளராக இருப்பதும் சரிவராது.

பெண்ணிடம்தான் பேச முடியும் என்றால் அப்படியே கேளுங்கள். அது கிடைக்காமல் ஆண் வைத்தியரைப் பார்க்க நேர்ந்தால், தாதி ஒருவரை அறையில் வைத்துக் கொள்ளும்படியோ கதவைச் சற்றுத் திறந்து வைக்கும்படியோ கேட்கலாம். வெளி வாங்கில் ராத்தாவை இருத்தலாம். இவை நியாயமான கோரிக்கைகள். பெண் வைத்தியர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மாதக் கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப் போடுவதுதான் நியாயமில்லாதது.

நமது ஊர்கள் சிறியவை. உளவளத்துணையாளர் மச்சியின் கூட்டாளியாக இருப்பார், அல்லது அடுத்த தெருவில் குடியிருப்பார். அந்தக் கூச்சம் உங்களைத் தடுத்தால் பக்கத்து நகரத்துக்குப் போங்கள். 2020ல் கொரோனா வந்த பின் தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் பேசுவோர் கூடியிருக்கிறார்கள். அதற்கு வீட்டில் கதவு பூட்டிய ஒரு மணி நேரம் வேண்டும். மாமி குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் நேரத்தையோ, பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்தையோ தெரிவு செய்யலாம்.

முதல் நாள் எப்படி இருக்கும்?

நமது வாசகி முதல் நாளில் ஏமாந்தது ஏன் தெரியுமா? அங்கே என்ன நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

பேச்சுச் சிகிச்சையில் ஓர் அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடங்கள். அரசாங்கக் கிளினிக்கில் சனம் அதிகமானால் நேரம் குறையலாம். முதல் நாள் பெரும்பாலும் கேள்வி நாள்தான். உறக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், முன்பு இப்படி வந்ததா, குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. வந்திருந்தால் இறக்கி வைக்க அதுதான் இடம்.

பெரிய சொற்களைத் தேடி அலைய வேண்டாம். “நெஞ்சு பதறுகிறது”, “தலை கனக்கிறது”, “பிள்ளை அழுதால் ஓட வேண்டும் போல் இருக்கிறது” என்று உங்கள் வாயில் வருவது போலவே சொல்லுங்கள். முதல் நாள் இரவு ஒரு கொப்பித் தாளில் நான்கு விடயங்களை எழுதிக் கொண்டு போங்கள். என்ன கஷ்டம், எப்போதிருந்து, என்ன மருந்து எடுக்கிறேன், என்ன மாற வேண்டும் என்று விரும்புகிறேன். பேச முடியாமல் தொண்டை அடைத்தால் தாளை நீட்டி விடுங்கள்.

இனி, ‘அந்த மிஸ் அதிகம் பேசவில்லை’ என்ற குறை. நாம் மூத்தவர்களிடம் போனால் புத்திமதி கிடைக்கும். மௌலவியிடம் போனால் மார்க்கத் தீர்ப்புக் கிடைக்கும். வைத்தியரிடம் போனால் துண்டு கிடைக்கும். இங்கே மூன்றும் உடனே கிடைப்பதில்லை. முதலில் கேட்பதே இவர்களது வேலை. உங்கள் சிக்கலின் நூல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகி விடும் அல்லவா? சில அமர்வுகளின் பின் சிறு சிறு வேலைகள் தருவார்கள். உறங்கும் நேரத்தை எழுதி வைப்பது, தினமும் இருபது நிமிடம் நடப்பது, மனதில் வரும் கெட்ட எண்ணத்தை எழுதி அதற்கு எதிரான சான்றையும் எழுதுவது போன்ற வேலைகள். 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க வைத்தியர் வடிவமைத்த சிகிச்சையில் இத்தகைய வீட்டுப் பாடங்கள் முக்கிய இடம் பெறுகின்றன. அவ்வகைச் சிகிச்சை பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகள் வரை நடக்கும். ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல.

புதுச் செருப்பும் அளவு தப்பிய செருப்பும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். புதுச் செருப்பு கடிக்கும். சில நாள் போட்டால் பழகி விடும். அளவு தப்பிய செருப்பும் கடிக்கும். அதை எத்தனை நாள் போட்டாலும் புண்தான் மிஞ்சும். முதல் நாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் வலிக்கும். எந்தக் கடி எது என்று பிரித்தறிவதுதான் விடயம்.

புதுச் செருப்பின் கடிகள் இவை: அழுகை. வீடு வந்ததும் களைப்பு. ‘ஏன் இதையெல்லாம் சொன்னேன்’ என்ற வெட்கம். பழைய கதையைக் கிளறியதால் இரண்டொரு நாள் கூடுதல் துக்கம். அடுத்த அமர்வுக்கு முந்திய நாள் ‘இப்போது சுகமாகத்தானே இருக்கிறேன், போகாமல் விடலாமா’ என்ற எண்ணம். முதல் சில வாரங்களில் இவை பலருக்கும் வருபவை. அமர்வுள்ள நாளில் விருந்து, பிரயாணம் என்று வைத்துக் கொள்ளாதீர்கள். வந்தவுடன் ஒரு பிளேன்டீ குடித்து, அரை மணி நேரம் சாய்ந்திருங்கள். அடுத்த அமர்வில், “போன முறை போன பிறகு இரண்டு நாள் எழும்ப முடியவில்லை” என்று சொல்லுங்கள். அதற்கேற்ப அவர் வேகத்தைக் குறைப்பார். அவர் அறிய வேண்டிய மிக முக்கியமான செய்தி அதுதான்.

அளவு தப்பிய செருப்பின் அடையாளங்கள் வேறு. உங்கள் கதையைக் கேட்காமல் தன் கதையைச் சொல்லிக் கொண்டிருப்பார். வேறொருவர் கதையைப் பெயரோடு உங்களிடம் சொல்வார் (உங்கள் கதையும் நாளை அப்படித்தான் போகும்). உங்கள் உடையையோ தொழுகையையோ ஏளனம் செய்வார். அல்லது அதற்கு மறுபுறமாக, “நீ ஒழுங்காகத் தொழாததால்தான் இது” என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார். முதல் நாளிலேயே “விவாகரத்து எடு” என்றோ “எல்லாவற்றையும் பொறுத்துக் கொள்” என்றோ கட்டளையிடுவார். இத்தனை நாளில் சுகமாக்கித் தருகிறேன் என்று வாக்குத் தருவார். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்வார். கடன் கேட்பார், வெளியில் சந்திக்க அழைப்பார், தேவையின்றித் தொடுவார். “இங்கே நடப்பதை யாரிடமும் சொல்லாதே” என்பார். இரகசியம் காப்பது அவருடைய கடமை, உங்களுடையது அல்ல. கடைசியாகச் சொன்னவற்றில் ஒன்று நடந்தாலும் இரண்டாம் முறை போக வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, முறைப்பாடு செய்யவும் தயங்க வேண்டாம்.

இவ்வளவு பெரிய குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒட்டவில்லை என்றால்? 1979ல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர், சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவில் மூன்று விடயங்களைக் காட்டினார். இருவருக்கும் ஒரே இலக்கு இருக்கிறதா? அதற்காகச் செய்யும் வேலை இருவருக்கும் சம்மதமானதா? இடையில் நம்பிக்கை வளர்கிறதா? அதற்குப் பிறகு நடந்த பல ஆய்வுகளும், எந்த வகைச் சிகிச்சையானாலும் இந்த உறவு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்றே காட்டுகின்றன. ஆகவே மூன்று, நான்கு அமர்வுகளின் பின் உங்களையே கேளுங்கள்: நாங்கள் எதை நோக்கிப் போகிறோம் என்று எனக்குத் தெரிகிறதா? இவர் தரும் வேலையில் எனக்கு அர்த்தம் தெரிகிறதா? போன முறை மறைத்ததை இந்த முறை சொல்ல முடிந்ததா?

மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் முதலில் அவரிடமே சொல்லுங்கள். “மிஸ், எனக்கு இது எங்கே போகிறது என்று விளங்கவில்லை” என்றால் போதும். பல நேரம் அந்த ஒரு வசனத்தில் வழி திறந்து விடும். திறக்காவிட்டால், “எனக்கு வேறொருவரைச் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். அவர் கோபித்துக் கொள்ள மாட்டார். அதுவும் அவரது தொழிலின் ஒரு பகுதிதான். ஒருவர் பொருந்தவில்லை என்பதால் சிகிச்சையே பொருந்தாது என்று ஆகி விடாது.

மார்க்கத்தின் பெயரால் வரும் தயக்கம்

சகோதரிகள் அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லி விடுவோம்.

‘மாமியைப் பற்றியும் கணவரைப் பற்றியும் ஒரு அந்நியரிடம் சொல்வது புறம் பேசுவதாகாதா?’ இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற நூலில், ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேச அனுமதிக்கப்பட்ட ஆறு சந்தர்ப்பங்களைக் கூறுகிறார்கள். அநியாயத்தை முறையிடுவதும், தவறு ஒன்றைத் திருத்த உதவி தேடுவதும், தீர்ப்புக் கேட்பதும் அவற்றில் அடங்கும். முற்றத்தில் கூடியிருந்து மாமியின் குறையைச் சொல்லிச் சிரிப்பது ஒன்று. நோய் தீர வழி தேடி, காக்க வேண்டிய ஒருவரிடம் தேவையான அளவு சொல்வது இன்னொன்று. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

‘ஈமான் இருந்தால் மனநோய் வருமா?’ கி.பி. 934ல் மரணித்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் இரு பகுதிகளாக வைத்து ஒரு நூல் எழுதினார். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத எண்ணங்கள் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனி இடம் கொடுத்தார். உள்ளிருந்து வரும் நல்ல சிந்தனை, வெளியிலிருந்து வரும் பிறர் சொல் என்ற இரண்டாலும் உள்ளத்துக்கு மருந்திடலாம் என்றார். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நமது அறிஞர்கள் பேசியதை, இன்று நாம் ‘மேல்நாட்டுப் பழக்கம்’ என்று தள்ளுவது வேடிக்கையல்லவா?

ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் மனதுக்கு ஆறுதல். அவற்றை விடச் சொல்லவில்லை. ஓதிய தண்ணீரைக் குடித்து விட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் பிழை. மனச்சோர்வு மாத்திரைகளின் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். திடீரென நிறுத்தினால் உடல் தடுமாறும். ரமழானுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்றபடி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். லித்தியம் எடுப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் அந்த மருந்து இரத்தத்தில் கூடி ஆபத்தாகும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பிள்ளை பெற்ற தாய் இரவு பகலாக உறங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினால், யாரோ கூப்பிடுவது கேட்கிறது என்றால், பிள்ளைக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று பயந்தால், அல்லது ஒருவர் சாவதற்கு வழி தேடினால், பொருத்தமானவரைத் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். இசிமு கட்டவும் ஓட வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தனியே விடாதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை மாமிமாரும் வாசிப்பீர்கள், கணவன்மாரும் எடுத்துப் பார்ப்பீர்கள். மருமகள் சிகிச்சைக்குப் போவது உங்கள் மேல் குற்றம் சுமத்த அல்ல. அங்கே என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். போய் வந்த நாளில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கிக் கொள்ளுங்கள். அன்றைய கறியை நீங்கள் ஆக்கி விடுங்கள். வெளிநாட்டிலிருக்கும் கணவர், ‘சபூர் செய்’ என்பதோடு நிறுத்தாமல், “அடுத்த கிளினிக் எப்போது? பஸ் காசு இருக்கிறதா? உன்னோடு யார் போகிறார்கள்?” என்றும் கேட்கட்டும். சபூர் என்பது மருந்தில்லாமல் இருப்பதல்ல. மருந்தெடுத்துக் கொண்டு பலன் வரும் வரை தரித்திருப்பதும் சபூர்தான்.

மாமிமாரே, உங்களில் சிலர் இருபது, முப்பது வருடங்களாக உறங்காத இரவுகளை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பீர்கள். “எங்களுக்கெல்லாம் யார் பார்த்தார்கள்?” என்ற உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கிளினிக் வாங்கில் உங்களுக்கும் இடமுண்டு. அடுத்த முறை மருமகளுக்குத் துணையாகப் போகும்போது, உங்கள் பெயரையும் பதிந்து விட்டு வாருங்கள்.